ஹைப்ரிட் காரில் ஒரே நேரத்தில் ஐந்து எச்சரிக்கைகள்: கோளாறு கடைசியில் எங்கே இருந்தது

என் ஹைப்ரிட் கார் இப்போது பட்டனை ஒரு தடவை அழுத்தினாலே ஓட்டத் தயார் என்று சொல்லும் 'ரெடி' விளக்கைக் காட்டிவிடுகிறது. மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்தாகிவிட்டது, ஸ்கேனரில் ஒரு கோடு (கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண்) கூடப் பதிவாகவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கோளாறு ஓர் எர்த் இணைப்பில், அதாவது பேட்டரியின் மைனஸ் கேபிள் வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் இருந்தது. டிக்கியின் ஓரத்தில், விரிப்புக்கு அடியில், 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போகிற ஒற்றைப் போல்ட். அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு பேட்டரி மாற்றியாகிவிட்டது, தேவையில்லாத சில சோதனைகளும் செய்தாகிவிட்டது. திரை நிறைய எச்சரிக்கையைப் பார்த்து மலைத்து நிற்பவர்களுக்கு உதவும் என்று எல்லாவற்றையும் அளவுகளோடு வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அறிகுறி. இரவு முழுக்க நின்ற வண்டியில் பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், திரையில் 'செக் ஹைப்ரிட் சிஸ்டம்' என்று வரும். கூடவே பவர் ஸ்டீயரிங் எச்சரிக்கை, ஏபிஎஸ் விளக்கு, சக்கரம் வழுக்காமல் தடுக்கும் அமைப்பின் விளக்கு, பார்க்கிங் பூட்டு சரியில்லை என்ற வாசகம். சில நாள் இவ்வளவும் வந்தும் வண்டி ரெடி ஆகும். சில நாள் ஆகாது. அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். ஓட்டும்போது எந்தத் தொல்லையும் இல்லை. கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விடை அதில்தான் இருந்தது, ஆனால் அதை நான் வெகு தாமதமாகத்தான் பிடித்தேன்.

இப்படி வரும்போது முதலில் செய்ய வேண்டியது, திரையை வீடியோ எடுப்பது. சில செய்திகள் ஒரு நொடி மின்னி மறைந்து, அடுத்த செய்திக்கு இடம் விட்டுவிடும். கண்ணால் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. செய்யக் கூடாதது, 'ரீசெட் ஆகட்டும்' என்று பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது. பல வண்டிகளில் அப்படிச் செய்தால் சேமித்து வைத்த கோடுகளும், கோளாறு வந்த நொடியில் எடுத்து வைத்த அளவுகளும் சேர்ந்தே அழிந்துபோகும். துப்பு எல்லாம் அந்த அளவுகளில்தான் இருக்கும்.

அடுத்து ஸ்கேனர். என்னிடம் இருந்தது ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினிகளைப் படிப்பதற்கென்று உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகுகிற, இஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டர். கைபேசிச் செயலியோடு இணைத்துப் பார்த்தேன். பொதுவான செயலி ஒன்றில் இஞ்சின் கணினியின் கோடுகள் மட்டுமே தெரிந்தன. அதில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. ஹைப்ரிட் கட்டுப்பாடு, பிரேக், ஸ்டீயரிங், பேட்டரிக் கண்காணிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணினி இருக்கிறது. அவற்றோடு பேச, உங்கள் வண்டி வகைக்கென்று எழுதப்பட்ட செயலி வேண்டும். அதைப் போட்டதும் பட்டியல் நீண்டது. பி0562, அதாவது மின்னழுத்தம் குறைவு. யு0100, இஞ்சின் கணினியோடு தொடர்பு அறுந்தது. யு0129, பிரேக் கணினியோடு தொடர்பு அறுந்தது. யு0293, ஹைப்ரிட் கணினியோடு தொடர்பு அறுந்தது. பிரேக் பக்கமும் ஸ்டீயரிங் பக்கமும் தங்கள் பங்குக்கு மின்னழுத்தக் குறைவு என்று ஆளுக்கொன்று.

எது இல்லை என்பதும் முக்கியம். பி0ஏ80 இல்லை. வண்டியை ஓட்டுகிற பெரிய பேட்டரியின் ஆயுள் முடிந்தது என்று சொல்கிற கோடு அது. பி0ஏஏ6 இல்லை. உயர் மின்னழுத்தம் வண்டியின் உடலுக்குக் கசிகிறது என்று சொல்வது அது. இந்த இரண்டில் ஒன்று வந்திருந்தாலும் நான் கையை வைத்திருக்க மாட்டேன்.

ஆனாலும் பெரிய பேட்டரியைப் பற்றிய பயம் போகவில்லை. ஹைப்ரிட்டில் எச்சரிக்கை என்றாலே எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அதனால் அதை முழுதாகப் பார்த்தேன். என் வண்டியில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 7.2 வோல்ட் மாட்யூல்கள் 28, மொத்தம் 201.6 வோல்ட். கணினி இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 பிளாக்காக அளக்கிறது. செயலியில் 14 எண்களையும் ஒரே திரையில் வைத்து, பக்கத்தில் இன்னொருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஏற்றத்தில் நன்றாக மிதித்து ஓட்டினேன். அதிகப் பிளாக்குக்கும் குறைந்த பிளாக்குக்கும் வித்தியாசம் 0.2 வோல்ட்டைத் தாண்டவில்லை. ஒரே ஒரு பிளாக் மட்டும் கூட்டத்திலிருந்து விலகி ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் என்று விழுந்தால்தான் கவலைப்பட வேண்டும். சரி, பெரிய பேட்டரி பிழைத்தது.

வீட்டில் மின்னழுத்தம் தாழ்ந்தால் மின்விசிறி மெதுவாகும், விளக்கு மங்கும், குளிர்பெட்டி உறுமும். மூன்றையும் தனித்தனியாகப் பழுது பார்க்க மாட்டோம். இதுவும் அப்படித்தான். ஐந்து கணினிகள் ஒரே நொடியில் ஒன்றையொன்று காணவில்லை என்று புகார் சொன்னால், ஐந்தும் ஒரே நாளில் கெட்டுப்போயிருக்க வாய்ப்பில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவானது எது என்று பார்க்க வேண்டும். பொதுவானது 12 வோல்ட் மின்சாரம்.

முழு ஹைப்ரிட் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி இஞ்சினைச் சுழற்றுவதில்லை. அதற்குப் பெரிய பேட்டரியும் மோட்டாரும் இருக்கின்றன. சின்ன பேட்டரியின் வேலை, கணினிகளை எழுப்புவதும், பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கிற ரிலேக்களை மூடுவதும். அவை மூடி, ரெடி விளக்கு வந்துவிட்டால், டிசி-டிசி கன்வெர்ட்டர் பொறுப்பெடுத்துக்கொள்ளும். பெரிய பேட்டரியின் மின்சாரத்தை 14 வோல்ட் அளவுக்கு இறக்கி, மொத்த 12 வோல்ட் சுற்றையும் ஓட்டுவதோடு சின்ன பேட்டரியையும் சார்ஜ் செய்யும். சாதாரண காரில் பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் இதில் கிடையாது. பட்டனை அழுத்தியதிலிருந்து ரெடி வரும் வரையிலான அந்தச் சில நொடிகள்தான் சின்ன பேட்டரி தனியாக நின்று சுமை தாங்குகிற நேரம்.

இரவு நின்ற வண்டியில், கதவைத் திறப்பதற்கு முன்பே அளக்க வசதியாக டிக்கியை முந்தின நாளே திறந்து வைத்து, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 12.21 வோல்ட். நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் 12.6லிருந்து 12.8 வரை காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி. பேட்டரியும் பழையது. முடிவு சுலபமாகத் தெரிந்தது, புதுசு வாங்கினேன். இந்த வேலையிலேயே அதிகச் செலவு அதுதான். மற்ற எல்லாச் சாமான்களையும் கூட்டினாலும் அதில் பாதி வராது.

பேட்டரி மாற்றுகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். என் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி டிக்கிக்குள், ஆட்கள் மூச்சு விடுகிற அதே காற்றில் இருக்கிறது. அதனால் அமிலம் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறி, மூடியே இருக்கும் ஏஜிஎம் வகைதான் போட வேண்டும். பக்கவாட்டில் வாயு வெளியேறும் குழாய் ஒன்று இருக்கும், அதை மறக்காமல் புது பேட்டரியில் செருக வேண்டும். பானட்டுக்குள் வைக்கிற சாதாரண பேட்டரியை அளவு பொருந்துகிறது என்பதற்காக அங்கே வைக்கக் கூடாது. இரண்டாவது, டிக்கிக் கதவின் பூட்டு மின்சாரத்தால் திறப்பது. பேட்டரியைக் கழற்றிய நிலையில் கதவு மூடிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்காது. பூட்டின் வாயில் மடித்த துணி வைத்துவிட்டுத்தான் வேலை ஆரம்பித்தேன். மூன்றாவது, மைனஸ் டெர்மினலை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும்.

புது பேட்டரியோடு எச்சரிக்கைகள் மறைந்தன. கோடுகளை அழித்தேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். தொடர் மழை பெய்த ஒரு வாரத்தில் அத்தனையும் திரும்பி வந்தன. அளந்தால் புது பேட்டரி ஓய்வில் 12.38 காட்டியது. புதுசு இவ்வளவு இறங்கக் கூடாது. அப்படியானால் ஒன்று, இரவில் யாரோ மின்சாரத்தைக் குடிக்கிறார்கள். இல்லையென்றால் பேட்டரிக்குச் சரியாக சார்ஜ் போய்ச் சேரவில்லை.

முதல் சந்தேகத்தை முதலில் எடுத்தேன். நின்றிருக்கும்போது வண்டி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்க, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, மைனஸ் டெர்மினலுக்கும் கேபிள் கிளாம்புக்கும் நடுவே தொடராக இணைக்க வேண்டும். கிளாம்பை அப்படியே தூக்கினால் மின்சாரம் ஒரு கணம் அறுந்து, மீண்டும் கிடைத்ததும் எல்லாக் கணினியும் விழித்துக்கொள்ளும். அதனால் முதலில் ஒரு தடித்த ஒயரால் டெர்மினலையும் கேபிளையும் இணைத்துவிட்டுத்தான் கிளாம்பைத் தூக்கினேன். மீட்டரை மாட்டி, கணினிகள் எல்லாம் தூங்கும் வரை முக்கால் மணி நேரம் விட்டு, கடைசியில்தான் அந்த ஒயரை எடுத்தேன். சாவி வீட்டுக்குள், வண்டியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தால் வண்டி தூங்காது. டிக்கிக் கதவின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, கதவு மூடியதாக நம்பவைக்க வேண்டும். இந்தச் சோதனையில் ஒரு கண்டிப்பு: மீட்டர் தொடரில் இருக்கும்போது ஓட்டுநர் கதவைத் திறக்கவே கூடாது. கதவு திறந்ததும் பிரேக் பிரஷர் பம்ப் ஓடும். அது இழுக்கிற மின்சாரத்தில் மீட்டரின் 10 ஆம்பியர் ஃப்யூஸ் போய்விடும்.

கிடைத்த அளவு 28 மில்லி ஆம்பியர். இருபதிலிருந்து ஐம்பது வரை சாதாரணம். திருட்டு இல்லை. இந்தச் சோதனை முழுக்க வீண்தான், ஆனால் ஒரு கேள்வி தீர்ந்தது.

அந்த பிரேக் பம்ப்தான் அடுத்த வழியைக் காட்டியது. மழை ஈரம் இருந்த நாட்களில் கதவைத் திறந்ததும் வரும் 'விர்ர்' சத்தம் கொஞ்சம் இழுத்தாற்போல, சோர்ந்து கேட்டது. ரெடி நிலையில் அதே பம்ப் துடிப்பாக ஓடியது. அப்போதுதான் ஓட்டும்போது தொல்லை இல்லை என்ற விஷயத்தை உட்கார்ந்து யோசித்தேன். கன்வெர்ட்டர் மின்சாரம் கொடுக்கும்போது எல்லாம் சரி, பேட்டரி கொடுக்கும்போது மட்டும் தகராறு. கணினிகளும் ஃப்யூஸ்களும் இரண்டு நேரத்திலும் அவையேதான். மாறுவது பேட்டரியும், அதன் இரண்டு கேபிள்களும் மட்டும். பேட்டரி புதுசு. மீதி கேபிள்கள்.

இதை நிரூபிக்க ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். மல்டிமீட்டரின் முனைகளை பேட்டரியின் ஈயக் குமிழ்களின் மேலேயே வைத்துக் கட்டினேன். கிளாம்பின் மேல் அல்ல, குமிழின் மேல். ஓபிடி சாக்கெட்டின் 16ஆம் பின்னுக்குத் தரப்படும் மின்னழுத்தத்தை அடாப்டர் கைபேசியில் காட்டும். அந்த அளவு எவ்வளவு நம்பத்தக்கது என்று மல்டிமீட்டரோடு முன்பே ஒப்பிட்டுப் பார்த்தேன், 0.1 வோல்ட் குறைத்துக் காட்டியது. கீழே சொல்லும் எண்களில் அதைச் சரிசெய்திருக்கிறேன். மீட்டரின் முகமும் கைபேசித் திரையும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி இன்னொரு கைபேசியால் வீடியோ எடுத்துக்கொண்டே, பக்கத்திலிருந்தவரைப் பட்டனை அழுத்தச் சொன்னேன்.

அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது விடை கண்ணெதிரே இருந்தது. பம்ப் ஓடும் நேரத்தில் பேட்டரிக் குமிழில் 12.28 வோல்ட். அதே நொடியில் ஓபிடி சாக்கெட்டில் 10.6. நடுவே 1.68 வோல்ட் எங்கோ போகிறது. பம்ப் கிளம்பும் முதல் கணத்தில் மின்சாரம் இதைவிட அதிகம் பாயும். மீட்டரின் மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் வசதியோடு சாக்கெட்டில் நேராக அளந்தபோது 9.3 வரை போனது தெரிந்தது. பேட்டரி நன்றாக இருக்கிறது, கணினிகள் மட்டும் பட்டினி.

இனி செய்தது வோல்டேஜ் டிராப் சோதனை. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரை வோல்ட் அளவிலேயே வைத்து, அதன் இரண்டு முனைகளையும் ஒரே கேபிளின் இரண்டு நுனிகளில் வைப்பது. கேபிள் நன்றாக இருந்தால், சுமை ஓடும்போது பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டும். எங்கே எதிர்ப்பு இருக்கிறதோ அங்கே வோல்ட் தெரியும். சுமைக்கு நான் பிரேக் பம்பையே பயன்படுத்தினேன். மிதியை நாலைந்து தடவை அழுத்திவிட்டால் அது சில நொடி ஓடும், மீண்டும் மீண்டும் ஓடவைக்கலாம். கேபிளின் மேல் டிசி கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டு மின்சாரத்தைப் பார்த்தேன், 24 ஆம்பியர். ஏசி மட்டும் அளக்கிற கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது, வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும்.

பிளஸ் பக்கம் டிக்கியிலிருந்து முன்னால் ஃப்யூஸ் பாக்ஸ் வரை போகிறது. மீட்டரின் முனை எட்டாது என்பதால் நீண்ட ஒயரில் குரோகடைல் கிளிப் போட்டு நீட்டினேன். 0.21 வோல்ட். அவ்வளவு நீளக் கேபிளுக்கு ஏற்கலாம். மைனஸ் பக்கம், பேட்டரிக் குமிழுக்கும் டிக்கியில் பெயின்ட் சுரண்டிய வெற்று உலோகத்துக்கும் நடுவே வைத்தேன். 1.38 வோல்ட். ஒரு முழங்கை நீளம் கூட இல்லாத கேபிளில்! எர்த் பக்கம் 0.1, மிஞ்சிப்போனால் 0.2 தாண்டக் கூடாது. மீதி 0.09 கிளை ஒயர்களிலும் ஃப்யூஸிலும் போயிருக்கும், அது சகஜம்.

1.38ஐ 24ஆல் வகுத்தால் 0.0575 ஓம். இவ்வளவு சின்ன எதிர்ப்பை ஓம் அளவில் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். என் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 ஓம் காட்டுகிறது. அதே கேபிளில் தொடர்ச்சி பார்க்கும் அளவில் வைத்தால் 'பீப்' என்று நன்றாகச் சத்தம் போட்டு, கேபிள் நலம் என்று சொல்லிவிட்டது. 28 மில்லி ஆம்பியர் ஓடிய முந்தைய சோதனையிலும் இது வெளிப்பட்டிருக்காது, அந்தச் சின்ன மின்சாரத்துக்கு இழப்பு இரண்டு மில்லிவோல்ட் கூட வராது. சுமை ஏறினால் மட்டும் தலைகாட்டுகிற கோளாறு இது. அந்தப் போல்ட்டடியில் பம்ப் ஓடும்போது 33 வாட் வெப்பமாக வீணாகிக்கொண்டிருந்தது. கையை வைத்தபோது மெலிதான சூடு தெரிந்தது.

புது பேட்டரி ஏன் இறங்கியது என்பதற்கும் இதிலேயே பதில். ரெடி நிலையில் கன்வெர்ட்டர் அனுப்புகிற சார்ஜும் இதே இணைப்பு வழியாகத்தான் பேட்டரிக்குள் போக வேண்டும். 10 ஆம்பியர் போனால் 0.6 வோல்ட் வழியிலேயே கழிந்துவிடும். நீண்ட ஓட்டத்தில் மெல்ல ஈடாகும். என் ஓட்டம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிகிற சின்ன ஓட்டம், அதில் ஈடாகவில்லை.

துண்டு துண்டாக அளந்ததில் குமிழிலிருந்து கிளாம்புக்கு 0.02, கிளாம்பிலிருந்து லக்குக்கு (போல்ட் நுழைகிற ஓட்டையுள்ள கேபிள் முனை) 0.05, லக்கிலிருந்து உடலுக்கு 1.31. இடம் உறுதி. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியின் கிளிப்புகளை எடுத்து, விரிப்பை மடக்கினேன். விரிப்பின் அடியில் இருந்த பஞ்சு நனைந்திருந்தது. போல்ட்டின் தலை மேலே பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது, அதனால்தான் பேட்டரி மாற்றிய அன்று கண்ணில் படவில்லை. அவிழ்த்துத் தூக்கியதும் லக்கின் அடியில் பச்சையும் வெள்ளையும் கலந்த பொடி, அதற்குக் கீழே உடலின் உலோகத்தில் ஒரு ரூபாய் வட்டமாகத் துரு. உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது போல்ட்டின் திருகு வழியாக மட்டும்.

இணைப்பைச் சுத்தம் செய்வதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். அதை விட்டுவிட்டு எர்த்தை மட்டும் சரிசெய்தால் அடுத்த மழையில் இதே கதை. தவிர, பின் இருக்கைக்குப் பின்னால்தான் பெரிய பேட்டரி இருக்கிறது. தண்ணீர் அங்கே போனால் பி0ஏஏ6 வருவது வெறும் நேரத்தின் கேள்வி. ஒருவர் வெளியே குழாயால் மெல்லத் தண்ணீர் விட, நான் உள்ளே டார்ச்சோடு படுத்துக்கொண்டேன். முதலில் கூரைக் கால்வாய், பிறகு டிக்கிக் கதவின் ரப்பர், இரண்டிலும் ஒன்றுமில்லை. பின் விளக்கின் மேல் தண்ணீர் விட்டதும் விளக்கின் ஒரு போல்ட் ஓட்டையைச் சுற்றி ஒரு துளி திரண்டு, உலோகத்தின் ஓரமாகவே வழிந்து, நேராக எர்த் போல்ட் இருக்கும் பள்ளத்துக்குப் போனது. விளக்கைக் கழற்றினால் அதன் ஸ்பாஞ்சு கேஸ்கெட் கல்லாக இறுகி, ஒரு மூலையில் பிளந்திருந்தது. இரண்டு பக்கத்துக்கும் புது கேஸ்கெட் போட்டேன். மறுபக்கம் இன்னும் ஒழுகவில்லை, ஆனால் வயது ஒன்றுதான்.

எர்த் வேலை இப்படிப் போனது. 80 எண் உப்புத்தாளால் துருவை எடுத்து, 240ஆல் பளபளப்பாக்கினேன். லக்கைச் சுரண்டினால் போதும் என்றுதான் இருந்தேன். கேபிளின் உறையைச் சற்று உரித்துப் பார்த்ததில் செம்பு இழைகள் கறுத்திருந்தன. வெளிச்சமான செம்பு தெரியும் வரை இரண்டு சென்டிமீட்டர் வெட்டினேன். வெள்ளீயம் பூசிய செம்பு லக், அறுகோண வாய் உள்ள கிரிம்ப் கருவியால் அழுத்தி, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். குறடால் நசுக்கி ஒப்பேற்றுவது இங்கே கூடாது. மின்சாரம் அதிகம், இழைகளுக்கு நடுவே காற்று இருந்தால் மறுபடி கறுக்கும். லக்குக்கும் உடலுக்கும் நடுவே பல் வாஷர், எம்6 போல்ட், டார்க் ஸ்பேனரில் 9 நியூட்டன் மீட்டர். இறுக்கிய பிறகுதான் மேலே துரு தடுப்பு மெழுகு அடித்தேன். தொடும் முகத்தில் எதையும் பூசவில்லை. நனைந்த பஞ்சை வெளியே எடுத்துக் காயவைத்துவிட்டுத்தான் திரும்பப் போட்டேன்.

அதே பம்ப், அதே 24 ஆம்பியர், அதே இரண்டு முனைகள். 0.04 வோல்ட். பட்டனை அழுத்தும் நேரத்தில் ஓபிடி சாக்கெட்டில் 12.0க்குக் கீழே போகவில்லை. பேட்டரியை ஏஜிஎம் நிலையில் வைத்த சார்ஜரால் ஓர் இரவு முழுக்கச் சார்ஜ் செய்து, மறுநாள் ஓய்வில் 12.74. கோடுகளை எல்லாக் கணினிகளிலும் தனித்தனியாக அழித்தேன். கண்ணாடி ஜன்னல்கள் ஒரே தொடுதலில் மேலே போவதை மறந்திருந்தன. ஒவ்வொன்றையும் முழுதாக ஏற்றி, பட்டனைச் சில நொடி பிடித்திருந்ததில் ஞாபகம் வந்தது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. உயர் மின்னழுத்தம் போகிற ஆரஞ்சு நிற கேபிள் எதையும் நான் தொடவில்லை, அதன் மூடியையும் திறக்கவில்லை. அந்தப் பக்கம் வேலை என்றால் பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்து, கெப்பாசிட்டர்கள் இறங்க உற்பத்தியாளர் சொன்ன நேரம் காத்திருந்து, 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையோடு, பயிற்சி உள்ளவர் செய்ய வேண்டியது. ரெடி விளக்கு எரியும்போது இஞ்சின் சத்தமில்லாமல் நின்றிருந்தாலும் எந்த நொடியிலும் தானாகக் கிளம்பும். மூடிய கொட்டகையில் ரெடியில் வைத்துவிட்டு அளந்துகொண்டிருக்கக் கூடாது, பானட்டுக்குள் கையும் கூடாது.

அடுத்த தடவை வரிசையை மாற்றுவேன். கோடுகளைப் படித்ததும், பேட்டரி வாங்குவதற்கு முன்பே, இரண்டு கேபிளிலும் டிராப் பார்ப்பேன். முனைகளை நீட்ட ஓர் ஒயர் இருந்தால் கால் மணி நேர வேலை. பழைய பேட்டரியை எடுத்து வைத்திருக்கிறேன், அதை நன்றாகச் சார்ஜ் செய்து சுமைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன். ஒருவேளை அது பிழைத்திருக்கவும் கூடும், இவ்வளவு நாளும் அதற்கும் இதே இணைப்பு வழியாகத்தானே சார்ஜ் வந்தது. டிசி கிளாம்ப் மீட்டரையும் முதலிலேயே வாங்கியிருப்பேன். ஆம்பியர் தெரியாமல் வோல்ட் இழப்பை மட்டும் பார்த்தால், பம்ப் லேசாக ஓடிய நேரத்தில் அளந்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடலாம். மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கிற மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதும் வீண் அல்ல, அந்த 9.3 இல்லாமல் கணினிகள் ஏன் ஒன்றையொன்று தொலைத்தன என்பது புரிந்திருக்காது.

பிளஸ் பக்கத்து 0.21ஐக் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த சர்வீஸின்போது அதே 24 ஆம்பியரில் மறுபடி அளப்பேன். ஏறியிருந்தால் முன்பக்க ஃப்யூஸ் பாக்ஸின் நட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.